தொலைக்கல்விக்குப் போன் போதுமா, டெப் வாங்குவதா, பாவித்த லப்டொப் எடுப்பதா?

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்தில் பதிந்தவர்களும், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தவர்களும் பதிந்த கையோடு கேட்கும் கேள்வி இது. இருக்கிற போனை வைத்துச் சமாளிக்கலாமா? நகையை அடகு வைத்தாவது ஒரு டெப் எடுக்க வேண்டுமா? கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ பாவித்த லப்டொப் ஒன்றைப் பார்ப்பதா?

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாடத்தைப் பார்க்கவும் கேட்கவும் எந்தக் கருவியும் உதவும். எதை ஒப்படைக்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் கருவியைத் தெரிவுசெய்ய வேண்டும். முதல் வருடத்தில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கிற போனும் அச்சுப் பிரதியும் போதும். பணத்தைச் சேர்த்து வைத்து, தட்டச்சு ஒப்படைகள் கூடும் நேரத்தில் நல்ல பாவித்த லப்டொப் எடுப்பதே சிக்கனம். மலிவு டெப் பலரை இரண்டு தடவை செலவழிக்க வைக்கிறது.

## எதை வைத்து அளப்பது

ஒப்படையின் வகைதான் முதல் அளவுகோல். பாட வழிகாட்டியை எடுத்து, இந்த வருடம் என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். கையால் எழுதி ஸ்கேன் பண்ணி ஏற்றுவதா, மூன்று நான்கு பக்கத் தட்டச்சா, பொருளடக்கத்தோடு ஆய்வறிக்கையா, எக்செல் கணக்கா, நிரல் எழுதுவதா? இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதே பாதி முடிவு வந்துவிடும்.

இரண்டாவது, பக்கத்தின் அளவு. பாடக்குறிப்புகள் பெரும்பாலும் ஏ4 தாளுக்காகச் செய்த பிடிஎஃப். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். ஆறரை அங்குலப் போனை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் ஏறத்தாழ 68 மில்லிமீட்டர்தான். தாளில் 12 அளவில் இருக்கும் எழுத்து அங்கே 4 அளவுக்குச் சுருங்குகிறது. போனைச் சரித்துப் பிடித்தால் எட்டரை அளவுக்கு வரும், ஆனால் பக்கத்தின் மூன்றில் ஒரு பங்குகூட ஒரே பார்வையில் தெரியாது. ஒரு வரியை வாசித்து அடுத்த வரிக்குத் தேடிப் போகும் களைப்பு இங்கேதான் தொடங்குகிறது. பத்தரை அங்குல டெப்பில் எழுத்து 8 அளவு, எட்டே முக்கால் அங்குலச் சின்ன டெப்பில் ஆறரை. 14 அங்குல லப்டொப்பின் திரை ஏ4 தாளைவிட அகலம்.

மூன்றாவது கரண்டும் சிக்னலும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பரில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போனதும் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு சிக்னலும் போய்விடும். பவர் பேங்க் இருந்தாலும் அந்த நேரத்தில் ஒப்படையை ஏற்ற முடியாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் உட்கிராமங்களில் தகரக் கூரை வீடென்றால் சிக்னல் இன்னும் குறையும். தகடு அலையைத் தடுக்கும்.

நான்காவது, உடைந்தால் எங்கே திருத்துவது, எத்தனை நாள் கருவி இல்லாமல் இருப்பது என்பது. ஐந்தாவது, அந்தக் கருவி உங்கள் கையில் எத்தனை மணிக்கு இருக்கும் என்பது. பெரும்போக வயல் வேலை தொடங்கினால் அப்பாவின் போன் விடியவே அவரோடு வயலுக்குப் போய்விடும். ஒரே போனில் மூன்று பேர் படிக்கும் வீடுகளில் இந்த அளவுகோல் மற்ற எல்லாவற்றையும் முந்திவிடுகிறது.

| | போன் மட்டும் | போன் + அச்சு + நிலையக் கணினி | டெப் | பாவித்த லப்டொப் + போன் |
|---|---|---|---|---|
| ஏ4 வாசிப்பு | கண்ணுக்குக் கடினம் | மிக நன்று | 10 அங்குலத்துக்கு மேல் நன்று | மிக நன்று |
| கையெழுத்து ஒப்படை | நன்று | நன்று | கமராவைப் பொறுத்தது | போனால் ஸ்கேன் |
| நீண்ட தட்டச்சு | சிரமம் | நிலைய நேரத்துக்குள் | விசைப்பலகை வாங்கினால் | மிக நன்று |
| கரண்ட் இல்லாதபோது | பவர் பேங்க் போதும் | தாள் கையில் இருக்கும் | பவர் பேங்க் போதும் | பழைய பேட்டரியில் சுமார் 2 மணி |
| திருத்தம் | ஊரிலேயே | ஊரிலேயே | பாகத்துக்குக் காத்திருப்பு | நகரத்தில் |
| மறை செலவு | டேட்டா | பஸ், போட்டோகொப்பி | விசைப்பலகை, உறை, திரை | பேட்டரி, தானியங்கி அப்டேட் |

## போன் மட்டும்

நான்கு ஜீபி ரேமும் 64 ஜீபி சேமிப்பும் இருந்தால் சூம், மூடில் (பாடங்களும் ஒப்படைகளும் இருக்கும் பல்கலைக்கழகத் தளம்), வட்ஸ்அப் மூன்றும் ஒழுங்காக ஓடும். அதற்குக் கீழே போனால் சூம் திறந்திருக்கும்போது குறிப்பைத் திறந்தால் சூம் மூடிக்கொள்ளும்.

டேட்டாவைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். கணக்கைத் தெரிந்துகொண்டால் பயம் குறையும். சூமில் குரல் மட்டும் கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 40 எம்பி. விரிவுரையாளர் திரையைப் பகிர்ந்து, அவருடைய முகம் மூலையில் சின்னதாகத் தெரிந்தால் 70 எம்பிக்குள். எல்லோரும் கமராவைத் திறந்து வைத்த வகுப்பென்றால் அதைப்போலப் பல மடங்கு. அதே விரிவுரையின் பதிவை யூடியூபில் 720 தரத்தில் பார்த்தால் ஏறத்தாழ ஒரு ஜீபி, 360 தரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. நேரடி வகுப்பைத் தவறவிட்டுப் பதிவைப் பார்ப்பது இலவசம் என்று நினைப்பதுதான் ரீலோட் செலவைக் கூட்டுகிறது. தரத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். கரும்பலகை எழுத்து 360 தரத்திலும் தெரியும்.

மூடில் செயலியைப் பலர் பயன்படுத்துவதில்லை, பிரவுசரிலேயே போகிறார்கள். உங்கள் நிறுவனம் செயலிக்கு அனுமதி கொடுத்திருந்தால், சிக்னல் நல்ல இடத்தில் பாடத்தைத் திறந்து, ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் இருக்கும் பதிவிறக்கக் குறியை அழுத்துங்கள். பிறகு வீட்டில் டேட்டா இல்லாமலே வாசிக்கலாம். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஒப்படையை ஏற்றினால் அது போனிலேயே காத்திருக்கும், இணையம் வந்து ஒத்திசைந்த பிறகுதான் பல்கலைக்கழகத்துக்குப் போகும். ஏற்றியாயிற்று என்று படுத்துவிட்டு மறுநாள் பூச்சியம் வாங்கியவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். அடுத்தது, சில பாடங்களில் கோப்பை ஏற்றினால் மட்டும் போதாது, கடைசியாக ஒப்படைக்கும் பொத்தானையும் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் அது வரைவாகவே கிடக்கும். இரண்டையும் உறுதிப்படுத்த ஒரே வழி, ஏற்றிய பிறகு பிரவுசரில் போய் நிலையைப் பார்த்து அந்தத் திரையைப் படம் எடுத்து வைப்பது.

கையெழுத்து ஒப்படைக்குப் போன்தான் நல்ல ஸ்கேனர். கமராவால் தனித்தனிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிக் கொண்டிருக்காதீர்கள், தெளிவு போய்விடும். கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் வசதி இருக்கிறது. காலை வெளிச்சத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் தாளை நிலத்தில் வைத்து, போனின் நிழல் தாளில் விழாதபடி நேர் மேலே பிடியுங்கள். எல்லாப் பக்கத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் கோப்பு பெருமளவு சிறிதாகும். ஏற்றும் பக்கத்திலேயே உச்ச அளவு எழுதியிருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்பின் பெயரில் பதிவு எண் இருக்கட்டும்.

போன் தோற்கும் இடம் வேறொன்று. நம் பகுதியில் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் கொடுக்கும் குறிப்புகள் இன்னும் பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டிய வேர்ட் கோப்புகளாகவே சுற்றுகின்றன. போனில் அந்த எழுத்துரு இல்லாததால் தமிழ் முழுவதும் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் கலங்கித் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அனுப்பியவரிடம் அதையே பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொன்னால் எழுத்துரு உள்ளேயே பதிந்து வரும், போனிலும் சரியாகத் தெரியும்.

வகுப்பு நேரத்தில் அழைப்பு வந்தால் சூமின் சத்தம் நின்றுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்புக்கு இரண்டாவது சிம்மின் டேட்டாவைப் போட்டு, அழைப்பை வேறு போனுக்குத் திருப்பிவிடலாம்.

இது பொருந்துவது: முதல் வருடம், கையெழுத்து ஒப்படைகள், போன் உங்களுக்கென்றே இருப்பது. ஒரு ஒப்படை ஐந்து பக்கத்தைத் தாண்டினால் பொருந்தாது. போனில் குரல் தட்டச்சால் தமிழைச் சொல்லி எழுதலாம், ஆனால் அட்டவணையும் அடிக்குறிப்பும் போட்டுப் பக்கத்தை ஒழுங்குபடுத்தும் வேலை நாள்களைத் தின்றுவிடும்.

## போனோடு அச்சும், நிலையக் கணினியும்

இதை ஒரு தெரிவாகவே யாரும் எண்ணுவதில்லை. ஆனால் எங்கள் பரிந்துரை, குறிப்பாகக் குடும்பப் பொறுப்புள்ள பெண்களுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும், முதல் வருடத்துக்கு இதுதான்.

திறந்த பல்கலைக்கழகம் அச்சிட்ட பாட அலகுகளை நம்பி வளர்ந்த நிறுவனம். கையில் அலகு இருந்தால் பிடிஎஃப் வாசிக்கப் போன் தேவையே இல்லை. அலகு இல்லாத வெளிவாரிப் பாடங்களுக்கு, எல்லாவற்றையும் அச்செடுக்க வேண்டாம். ஸ்லைடு கோப்புகளை ஒரு பக்கத்துக்கு ஆறு வீதம், தாளின் இரண்டு பக்கமும் அச்சிடச் சொல்லுங்கள். 60 ஸ்லைடு ஐந்து தாளில் அடங்கும். கொமினிகேஷன் கடையில் கேட்காவிட்டால் ஒரு தாளுக்கு ஒன்றாக 60 தாள் வந்து நிற்கும். கடும் நிறப் பின்னணி உள்ள ஸ்லைடுகளைக் கறுப்பு வெள்ளை பண்ணிக் கொடுங்கள், இல்லாவிட்டால் எழுத்து மையில் மூழ்கிவிடும்.

தட்டச்சு வேலைக்குப் பல்கலைக்கழக நிலையத்தின் கணினி அறை, பொது நூலகம், படித்த பாடசாலையின் கணினி அறை என்று வழி இருக்கிறது. முதலில் போய்ப் பார்க்க வேண்டியது நேரம். வார நாளில் மட்டும் திறக்கும் அறை, ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டு பட்டப்பின் டிப்ளோமா படிக்கிறவருக்கு உதவாது.

மறைவான செலவு பஸ். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு சுமார் 40 கிலோமீட்டர், ஒரு நாளில் போய் வரலாம். அக்கரைப்பற்றிலிருந்து 65 அளவில். பொத்துவிலிலிருந்து 100க்கு மேல், வழியில் ஒரு நாளே போய்விடும். வாரா வாரம் போக வேண்டிய நிலை என்றால், மூன்று நான்கு மாத பஸ் காசையும் சாப்பாட்டுச் செலவையும் கூட்டிப் பாருங்கள். பாவித்த லப்டொப் ஒன்றின் முற்பணம் அதில் நிற்கும்.

பொதுக் கணினியில் வேலை செய்தால் பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள், வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும். எழும்பும்போது கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுப் போங்கள்.

## டெப்

பத்து அங்குலத்துக்கு மேல், சிம் போடும் இடத்தோடு, நான்கு ஜீபி ரேமோடு வந்தால் டெப் வாசிப்புக்கு நல்ல கருவி. பார்வை குறைந்தவர்களுக்கும், நாள் முழுக்க பிடிஎஃப் வாசித்துக் கோடு போட்டுப் படிக்கிறவர்களுக்கும் இதைச் சொல்வோம்.

ஆனால் கடைகளில் பலர் வாங்குவது எட்டே முக்கால் அங்குல, வைஃபை மட்டும் உள்ள மலிவு டெப். அதற்குப் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடுக்க வேண்டும், இரண்டு பேட்டரியும் ஒன்றாக இறங்கும். தட்டச்சுக்குப் புளூடூத் விசைப்பலகை, நிறுத்தி வைக்க உறை, கீழே விழுந்தால் திரை. இந்த மூன்றையும் கூட்டினால் பாவித்த லப்டொப்பின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஆனாலும் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருள் ஓடாது, முழுமையான வேர்டும் இல்லை. பெயர்போன போன்களின் திரை கல்முனைக் கடைகளில் கிடைக்கும். டெப் திரை பெரும்பாலும் கொழும்பிலிருந்து வர வேண்டும், ஒப்படை அதுவரை காத்திருக்காது.

## பாவித்த லப்டொப்

தட்டச்சு, எக்செல், ஆய்வறிக்கை, நிரல். இந்த நான்கில் ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால் இதற்குத்தான் சேமிக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பம் படிக்கிறவர் முதல் நாளிலேயே எடுக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் இது நிற்கும், பாடத்திட்டமும் வினாத்தாளும் அதே கருவியில் செய்யலாம்.

பேரம் பேசும்போது விற்கிறவர் ஐ5 என்பார். அது மட்டும் போதாது, அதன் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 8250, 8265 என்று 8இல் தொடங்கும் நான்கு இலக்கம் எட்டாம் தலைமுறை. 7200, 6300 என்றால் அதற்கு முந்தியவை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. இன்டெல் கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். பழைய கணினியில் எப்படியோ ஏற்றிக் கொடுத்திருந்தாலும் பிறகு வரும் அப்டேட்டில் சிக்கல் வரலாம். எட்டு ஜீபி ரேம், 256 ஜீபி எஸ்எஸ்டி இரண்டும் இருக்கட்டும். எஸ்எஸ்டி இல்லாமல் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் திறக்கவே நிமிடக் கணக்கில் ஆகும்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே பாருங்கள்:

- பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. உற்பத்திக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிட்டு, 60 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.
- ஒருமுறை அணைத்துப் போட்டு, பயோஸ் திரைக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போகச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்டால் எடுக்காதீர்கள், நிறுவனப் பூட்டுள்ள கணினியாக இருக்கலாம்.
- ஒவ்வொரு விசையையும் அடித்துப் பாருங்கள். கமராவில் பேசிப் பதிவெடுங்கள். மூடியை அரைவாசி திறந்து விட்டால் அது அங்கேயே நிற்க வேண்டும்.
- ஒஃபிஸ் உண்மையான உரிமத்தோடு இருக்கிறதா, கிராக் பண்ணியதா என்று கேளுங்கள். கிராக் என்றால் நீக்கிவிட்டு லிப்ரே ஒஃபிஸ் போடுங்கள், அது இலவசம்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்று உண்டு. போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தவுடன் விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கிவிடும், ஒரே இரவில் சில ஜீபி போய்விடும். இரண்டே நாளில் மாத டேட்டா முடிந்ததென்று டேட்டா நிறுவனத்தைக் குறை சொல்கிறவர்கள் இதைத்தான் கவனிக்கவில்லை. செட்டிங்ஸில் நெட்வொர்க், வைஃபை, அந்த ஹொட்ஸ்பொட்டின் பண்புகள் என்று போய், மீட்டர்ட் கனெக்‌ஷனை இயக்குங்கள். அதோடு வேலையில்லாத ஒன்டிரைவ் ஒத்திசைவையும் நிறுத்தினால் லப்டொப்பின் டேட்டாச் செலவு போனுக்குச் சமமாக வந்து நிற்கும். அப்டேட்டைப் பாதுகாப்புக்காகக் கட்டாயம் போட வேண்டும். நிலையத்தின் வைஃபையிலோ இரவுப் பொதியிலோ மாதம் ஒருமுறை போடலாம்.

பாமினிக் கோப்புகள் இங்கே எழுத்துருவை நிறுவியதும் திறக்கும். ஆனால் நீங்கள் எழுதுவது யுனிகோடில் இருக்கட்டும், அப்போதுதான் விரிவுரையாளரின் போனிலும் அது தமிழாகத் தெரியும்.

பழைய டெஸ்க்டொப் இன்னும் மலிவு, திருத்துவதும் எளிது. யூபிஎஸ் இல்லாமல் எடுத்தால், கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் சேமிக்காத வேலை போய்விடும்.

## எந்தக் கருவியானாலும்

எந்த வலையமைப்பு நல்லது என்று அயலவரிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். படிக்கப் போகும் அதே அறையில், படிக்கப் போகும் அதே நேரத்தில், அநேகமாக இரவு 7 முதல் 10 வரை, இரண்டு சிம்மிலும் சூமின் சோதனைக் கூட்டத்தைத் திறந்து பாருங்கள். பகலில் நன்றாக ஓடும் இணைப்பு அந்த நேரத்தில் நெரிசலில் திணறும்.

வெப்பம் நம் பகுதியின் மௌனமான எதிரி. கச்சான் காற்று வீசும் மாதங்களில், நடுப்பகலில் தகரக் கூரைக்குக் கீழ் சார்ஜ் போட்டுக்கொண்டே விரிவுரை பார்த்தால் போன் தானாகவே வேகத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதும் நிற்கும். பேட்டரியின் ஆயுளும் சேர்ந்து குறையும். உறையைக் கழற்றிவிட்டு, முன்பே சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்று சார்ஜ் துளையை அரிக்கும். மழையில் நனைந்து ஈர எச்சரிக்கை வந்தால், காற்றாடிக்குக் கீழ் வைத்துக் காய விடுங்கள், ஊசியால் கிண்டாதீர்கள்.

பவர் பேங்கில் 10,000 என்று எழுதியிருப்பது முழுதாகப் போனுக்கு வராது. மின்னழுத்தம் மாறும்போது மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும், 5,000 பேட்டரியுள்ள போனை ஒரு முழுத் தடவையும் கொஞ்சமும் நிரப்பும். புது போன் வாங்குவதென்றால் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும்.

## ஒரே வீட்டில் இருவர் படித்தால்

அக்கா பட்டத்துக்கும் தம்பி உயர்தரத்துக்கும் படிக்கும் வீடுகளில் இரண்டு மலிவு டெப் வாங்குவதைவிட, ஒரு லப்டொப்பும் இருக்கிற போன்களும் நல்ல ஏற்பாடு. நேரடி வகுப்பு போனில் போகட்டும், லப்டொப் தட்டச்சுக்கு மட்டும் என்று பிரியுங்கள். ஒப்படை நாள் முன்கூட்டியே தெரியும் என்பதால், ஒருவருடைய இறுதி வாரத்தில் லப்டொப் அவருக்கே என்று கலண்டரில் குறித்து வைக்கலாம். இறுதித் திகதி நள்ளிரவு என்று இருந்தாலும், வீட்டின் இறுதித் திகதியை முதல் நாள் காலை என்று வையுங்கள். நவம்பரில் அந்த ஒரு நாள் கட்டாயம் தேவைப்படும்.